அப்பாவின் கைப்பக்குவத்தைச் சாட்பாட்டுக்குச் சொல்லித்தர முடியுமா?

காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 24 வயது வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவர். அப்பா சிறிய அளவில், தரையில் பதிக்கும் ஆத்தங்குடி கல் பட்டறை நடத்துகிறார். அப்பாவுக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சென்னை, பெங்களூரு, கோவையிலிருந்தெல்லாம் நாள் முழுக்க போனும் வாட்ஸப்பும் வந்துகொண்டே இருக்கின்றன. “12-க்கு 15 ஹாலுக்கு எத்தனை கல் வேணும்?”, “போட்டு ஒரு மாசம்தான் ஆகுது, வெள்ளை வெள்ளையா பூக்குது, ஏன்?”, “எதை வச்சுத் துடைக்கணும்?” என்று திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள். வேலையை விட்டுவிட்டு அப்பாதான் பதில் சொல்கிறார். யூடியூப் பார்த்துக் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி கற்றுக்கொண்ட மகளுக்கு, இதற்கு ஒரு சாட்பாட், அதாவது எழுதிக் கேட்டால் தானாகப் பதில் சொல்லும் மென்பொருள், செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. அப்பாவின் அனுபவத்தை விதிகளாக எழுதிவைத்து, அவற்றைக் கொண்டு பதில் சொல்லும் ‘நிபுணர் அமைப்பு’ முறையைக் கற்க நினைக்கிறார். அதையே தொழிலாக்கிக்கொள்ளும் ஆசையும் இருக்கிறது.

மதுரையில் ஒரு பயிற்சி மையம் ஆறு மாதப் படிப்புக்கு 1,20,000 ரூபாய் கேட்கிறது. நூறு சதவீதம் வேலை உறுதி என்கிறது. அசல் சான்றிதழ்களையும், கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு வெற்றுக் காசோலைகளையும் கொடுக்கச் சொல்கிறது. அம்மா நகையை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். அக்கா வீட்டுக்காரரோ, “நிபுணர் அமைப்பெல்லாம் செத்துப்போன சமாச்சாரம். இப்ப எல்லாத்தையும் ஏ.ஐ. பார்த்துக்கும். நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள இந்த வேலையே இருக்காது” என்கிறார். இதற்கிடையில் பக்கத்து ஊர் நாட்டு மருந்துக் கடைக்காரர், நோயைச் சொன்னால் மருந்து சொல்லும் சாட்பாட் செய்து கொடுத்தால் 40,000 ரூபாய் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மையத்தில் சேரலாமா, நிபுணர் அமைப்பு கற்பது வீணா, மருந்துக் கடை வேலையை ஒப்புக்கொள்ளலாமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நகையை அடகு வைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அந்த மையத்துக்கு இப்போது பணம் கட்டாதீர்கள். மருந்துக் கடைக்காரரிடம் கைநீட்டி முன்பணமும் வாங்காதீர்கள். காரணங்களைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் கற்பதை நிறுத்த வேண்டாம். உங்களிடம் இருப்பதைப் போன்ற ஒரு நல்ல தொடக்கம் சென்னையில் லட்சக்கணக்கில் கட்டிப் படிக்கும் பலருக்கும் வாய்ப்பதில்லை. ஒரு உண்மையான நிபுணர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அவரிடம் உண்மையான கேள்விகளோடு உண்மையான ஆட்கள் தினமும் வருகிறார்கள். இந்தத் துறையில் மற்றதெல்லாம் இலவசமாகக் கிடைக்கும், இந்த இரண்டைத் தவிர.

நிபுணர் அமைப்பு செத்துவிட்டதா?

அத்தான் சொன்னதில் பாதி சரி. நிபுணர் அமைப்பு பழையதுதான். 1965-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டென்ட்ரல் என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். வேதிப்பொருள் ஒன்றின் மூலக்கூறு எப்படி அமைந்திருக்கும் என்று கருவியின் அளவீடுகளைப் பார்த்துக் கணிக்க வேண்டும் என்பது அதன் வேலை. 1970-களில் அங்கேயே மைசின் வந்தது. ரத்தத்தில் பாக்டீரியா தொற்று இருக்கும் நோயாளிக்கு எந்த ஆன்டிபயாட்டிக் பொருந்தும் என்று அது யோசனை சொன்னது. அதற்குள் இருந்தவை சில நூறு விதிகள். “இது இப்படி இருந்து, அதுவும் அப்படி இருந்தால், இந்தக் கிருமியாக இருக்கலாம்” என்ற வடிவத்தில் ஒவ்வொன்றும் இருக்கும். எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதற்கு ஒவ்வொன்றோடும் ஒரு எண் இருக்கும்.

மைசினில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. அது ஒரு கேள்வி கேட்கும்போது “இதை ஏன் கேட்கிறாய்?” என்று மருத்துவர் திருப்பிக் கேட்கலாம். எந்த விதியைச் சோதிப்பதற்காகக் கேட்கிறது என்று அது சொல்லும். முடிவுக்கு எப்படி வந்தாய் என்றாலும் காட்டும். சாட்ஜிபிடி போன்றவற்றுக்குள் இருக்கும் இன்றைய பெரிய மொழி மாதிரிகளிடமும் காரணம் கேட்கலாம், சரளமாகச் சொல்லும். ஆனால் அது சொல்லும் காரணமும், உள்ளே உண்மையில் நடந்த கணக்கும் ஒன்றுதான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விதிகளால் ஆன அமைப்பில் அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

அத்தான் சொன்ன மற்ற பாதிக்கும் காரணம் உண்டு. 1980-களில் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனம், வாடிக்கையாளர் கேட்கும் கணினிக்கு எந்தெந்தப் பாகங்களைச் சேர்க்க வேண்டும் என்று முடிவு செய்ய எக்ஸ்கான் என்ற நிபுணர் அமைப்பைப் பயன்படுத்தியது. விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகின. புதுப் பாகம் வரும்போதெல்லாம் விதிகளை மாற்ற வேண்டும், ஒன்றை மாற்றினால் இன்னொன்று இடிக்கும். பராமரிப்பதே பெரிய வேலையாகிவிட்டது. உலகம் முழுவதையும் விதிகளாக எழுதிவிடலாம் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தோடு தளர்ந்தது உண்மை. ஆனால் உங்கள் பட்டறை உலகம் முழுவதும் அல்ல. கல், தரை, ஈரம், துடைக்கும் முறை, அளவு. நாற்பது ஐம்பது விதிகளில் பெரும்பகுதி அடங்கிவிடும். இவ்வளவு சிறிய வேலைக்கு விதிகளால் ஆன அமைப்பைப் போல நம்பகமானது எனக்குத் தெரிந்து இன்றும் வேறில்லை.

இப்போது நல்ல சாட்பாட் செய்பவர்கள் பலர் இரண்டையும் சேர்த்துத்தான் செய்கிறார்கள். வாடிக்கையாளர் எழுதியதைப் புரிந்துகொள்வது மொழி மாதிரியின் வேலை. என்ன பதில் என்று முடிவெடுப்பது உங்கள் விதிகளின் வேலை. அந்த முடிவைப் பேச்சு நடையில் சொல்ல வேண்டுமானால் மறுபடி மொழி மாதிரியிடம் கொடுக்கலாம், வேண்டாமென்றால் அப்பா சொல்லும் வாக்கியத்தையே அப்படியே அனுப்பலாம். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன்.

உங்கள் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். 12-க்கு 15 ஹால் என்றால் 180 சதுர அடி. எட்டு அங்குலக் கல் சதுர அடிக்கு 2.25 பிடிக்கும், ஆக 405 கல். பத்து அங்குலம் என்றால் சதுர அடிக்கு 1.44, ஏறக்குறைய 260 கல். இதற்கு மேல் உடைசலுக்கும் ஓரம் வெட்டுவதற்கும் எவ்வளவு சேர்ப்பது என்பது அப்பாவின் கணக்கு. இதை மொழி மாதிரியிடம் விட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்லும், ஒரு நாள் தவறாகச் சொல்லும். அந்த ஒரு நாள் பெங்களூருக்கு லாரி ஏறிய கல் போதாமல் போகும். நான்கு வரி பைத்தான் ஒருநாளும் தவறாது. எங்கே மொழி மாதிரி, எங்கே சாதாரணக் கணக்கு என்று பிரிக்கத் தெரிவதுதான் இந்தத் தொழிலில் பாதித் திறமை.

நீங்கள் நினைத்திருப்பது போல ஒரு லட்சம் கேள்வி-பதில் சேர்த்துச் சொந்தமாக மாதிரியைப் பயிற்றுவிக்கத் தேவையே இல்லை. ஏற்கெனவே இருக்கும் மாதிரியிடம், உங்கள் பட்டறையின் தகவல்களில் கேள்விக்குப் பொருத்தமான பகுதியை மட்டும் தேடி எடுத்துக் கொடுத்து, “இதற்குள் இருப்பதை வைத்து மட்டும் பதில் சொல்” என்று கேட்கும் முறை இருக்கிறது. சிறு தொழில்களுக்கு அது போதும். பி.இ. படிக்கவில்லையே என்ற கவலையும் வேண்டாம். இயற்பியல் படித்த உங்களுக்கு இதில் வரும் கணக்கு பயமுறுத்தாது.

அப்பாவிடம் எப்படிக் கேட்பது

இந்தப் பகுதியைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத ஆசைப்படுகிறேன். டென்ட்ரலை உருவாக்கியவர்களில் ஒருவரான எட்வர்ட் ஃபைகன்பாம் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று உண்டு. நிபுணர் அமைப்பு கட்டுவதில் கடினமான இடம் நிரல் எழுதுவது அல்ல, நிபுணரின் தலையில் இருப்பதை வெளியே கொண்டுவருவது. எந்தப் பயிற்சி மையமும் இதைச் சரியாகச் சொல்லித்தருவதாக எனக்குத் தெரியவில்லை.

“அப்பா, உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் விதியாகச் சொல்லுங்கள்” என்று நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தால் அவருக்கு ஒன்றும் வராது. “பார்த்தாலே தெரியும்மா” என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சிமெண்டுக் கலவையை ஊற்றி, நிறம் பிரித்து, மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கும் வேலையில் வாழ்நாளைக் கழித்த மனிதருக்கு அறிவு கண்ணிலும் விரலிலும் இருக்கிறது. வாய்க்கு வருவதற்கு ஒரு தூண்டுதல் வேண்டும்.

அதற்கு நடந்த சம்பவங்களைக் கொண்டு கேளுங்கள். வாடிக்கையாளர்கள் அவருக்கு அனுப்பிய படங்கள் வாட்ஸப்பில் இருக்குமே, அவற்றில் மூன்றை எடுத்து வையுங்கள். “இதில் எந்த இரண்டு ஒரே மாதிரி? மூன்றாவது எதில் மாறுது?” என்று கேளுங்கள். “இந்த ரெண்டும் தரையிலிருந்து ஏறுன ஈரம், இது ஆசிட் ஊத்திக் கழுவுனது” என்று சொல்லும்போது அவரை அறியாமலே ஒரு விதி வந்துவிடும். அடுத்து, “இந்தப் படத்தில் என்ன மாறியிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பீர்கள்?” என்று கேளுங்கள். ஒரு தவறான விதியை நீங்களே சொல்லிப் பாருங்கள், அவர் திருத்துவார். மனிதர்களுக்கு விளக்குவதைவிடத் திருத்துவது எளிது. இதையெல்லாம் வேலை நடக்கும் இடத்திலேயே கேளுங்கள், அவர் அனுமதித்தால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

வெள்ளை பூப்பதற்கு முதல் வடிவம் இப்படி வரலாம்: பொடியாக இருக்கிறதா, ஈரத்துணியால் துடைத்தால் போய்விட்டு, காய்ந்ததும் திரும்ப வருகிறதா, கல் போட்டுச் சில வாரம்தான் ஆகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் சிமெண்டிலிருந்தோ அடித்தரையிலிருந்தோ ஈரத்தோடு வரும் உப்பாக இருக்கலாம். துடைத்தும் போகவில்லை, மேற்பரப்பு சொரசொரப்பாகிவிட்டது, ஆசிட் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்றால் அது வேறு பிரச்சினை, சிமெண்டு மேற்பரப்பையே ஆசிட் அரித்திருக்கிறது, கழுவினால் திரும்பாது. விரிசலுக்கும் இப்படித்தான். ஒரு கல்லுக்குள் நின்றுவிடும் விரிசல் ஒன்று, நாலைந்து கல்லைத் தாண்டி ஒரே கோடாக ஓடும் விரிசல் இன்னொன்று. இரண்டாவதற்குக் கல்லைக் குறை சொல்லும் முன் அடியில் இருக்கும் கான்கிரீட்டைப் பார்க்க வேண்டும். இவை நான் பொதுவாகச் சொல்பவை. உங்கள் ஊர் மணலுக்கும் உங்கள் பட்டறைக் கலவைக்கும் எது சரி என்று அப்பாதான் சொல்ல வேண்டும். நிறம் ஊற்றுபவர்களையும் கல் பதிக்கும் கொத்தனாரையும் தனியாகக் கேளுங்கள். அப்பா சொன்னதும் அவர்கள் சொன்னதும் மாறும் இடங்களைச் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். அந்த இடங்களில் சாட்பாட் பதில் சொல்லக் கூடாது, “அப்பாவைக் கேட்டுச் சொல்கிறோம்” என்று உரையாடலை மனிதரிடம் கொடுத்துவிட வேண்டும்.

அப்புறம், நிறக்கலவை விகிதம் போன்ற பட்டறை ரகசியங்களை எந்த இணையச் சேவையிலும் தட்டச்சு செய்யாதீர்கள். அது வாடிக்கையாளருக்குத் தேவையில்லாத தகவல். பல இலவசச் சேவைகள் நாம் உள்ளிடுவதை மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்திக்கொள்கின்றன.

எதைக் கொண்டு தொடங்குவது

முதலில் எலைசாவைத் தமிழில் எழுதிப் பாருங்கள். 1966-ல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட சாட்பாட் அது. நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். உள்ளே புரிதல் எதுவும் கிடையாது, வார்த்தை அமைப்பைப் பொருத்திப் பார்ப்பது மட்டும்தான். ஆனாலும் மக்கள் அதனிடம் மனம்விட்டுப் பேசினார்கள், அதைப் பார்த்து வைசன்பாமே கலங்கினார். ஆங்கிலத்தில் அதை எழுதுவது எளிது. தமிழில் எழுதும்போதுதான் நம் மொழி கணினிக்கு எங்கே இடிக்கிறது என்று தெரியும். “எனக்குத் தலை வலிக்கிறது” என்பதை “உங்களுக்குத் தலை வலிக்கிறதா?” என்று ஆக்குவது சுலபம். “நான் பயப்படுகிறேன்” வந்தால் வினைமுற்றின் வாலையும் சேர்த்து மாற்றி “நீங்கள் பயப்படுகிறீர்களா?” என்று கேட்க வேண்டும். அதே போல “கல்” என்று தேடினால் “கல்லுக்கு” அகப்படும், “கற்கள்” அகப்படாது. உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள், அதிலும் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். இவற்றைக் கையால் ஒருமுறை செய்து பார்த்தவருக்குத்தான் மொழி மாதிரி எதைத் தீர்த்துவைக்கிறது, எதைத் தீர்க்கவில்லை என்று புரியும்.

பிறகு சில நாள், விதிகளை எழுதிக் கொடுத்தால் விடையைத் தானே தேடித் தரும் ப்ரோலாக் என்ற நிரல்மொழியோடு விளையாடுங்கள். 1972-ல் பிரான்சின் மார்செய் நகரில் பிறந்த மொழி, அதன் எஸ்.டபிள்யூ.ஐ. ப்ரோலாக் என்ற வடிவம் இலவசம். உங்கள் குடும்பத்தின் உறவுமுறையை அதில் எழுதுங்கள். அப்பாவின் அண்ணன் மகன் அண்ணன்-தம்பி முறை, அப்பாவின் அக்கா மகன் அத்தான் முறை. அம்மாவின் தங்கை மகள் அக்கா-தங்கை முறை, அம்மாவின் அண்ணன் மகள் அப்படியல்ல. செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் எந்த ஆச்சியைக் கேட்டாலும் நொடியில் சொல்லிவிடும் முறை அத்தனையும் பத்துப் பன்னிரண்டு விதிகளுக்குள் வந்துவிடும். ஒரு பெயரைக் கொடுத்து “இவர் எனக்கு என்ன முறை?” என்று கேட்டுப் பாருங்கள். விதிகளிலிருந்து விடை பிறப்பதைப் பார்க்கும் அந்தத் தருணத்தில் நிபுணர் அமைப்பு என்றால் என்னவென்று உங்களுக்கே தெரிந்துவிடும். இதையே பைத்தானிலும் எழுதுங்கள், எது எளிதாக இருந்தது என்று பாருங்கள். நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில் 1985-ல் எழுதப்பட்ட கிளிப்ஸ் என்ற நிபுணர் அமைப்புக் கருவியும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் உங்கள் அளவுக்குப் பைத்தானே போதும்.

அதற்குப் பின்தான் பட்டறைக்கான சாட்பாட். அப்பாவின் போனிலிருந்து நூறு பழைய கேள்விகளை எடுங்கள். பெயர், எண், முகவரி எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். எழுபதைப் பார்த்து விதி எழுதுங்கள், முப்பதைத் தொடாமல் வையுங்கள். அந்த முப்பதுக்கு அப்பா காகிதத்தில் பதில் எழுதட்டும் அல்லது சொல்லட்டும். உங்கள் சாட்பாட் என்ன சொல்கிறது என்று பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தவறான பதிலையும், “தெரியவில்லை” என்ற பதிலையும் தனித்தனியாக எண்ணுங்கள். “தெரியவில்லை” அதிகமாக இருந்தால் பரவாயில்லை, விதி சேர்த்துக்கொள்ளலாம். நிச்சயமாகச் சொல்லப்பட்ட தவறு ஒன்று இருந்தாலும் அதைச் சரிசெய்யாமல் வெளியே விடாதீர்கள்.

வாட்ஸப்பில் இணைப்பது கடைசிப் படி. அதற்கு முன் இலவசமான வாட்ஸப் பிசினஸ் செயலியில் வரவேற்புச் செய்தி, ஆயத்தப் பதில்கள், பொருள் பட்டியல் ஆகியவற்றை அமைத்துப் பாருங்கள். அதிலேயே அப்பாவின் சுமை கணிசமாகக் குறையக்கூடும். முழு சாட்பாட் வேண்டும் என்றால் கட்டணச் சேவைக்கு மாற வேண்டும். அதில் வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள்தான் நாம் இஷ்டப்படி பதில் அனுப்பலாம், அதற்குப் பிறகு முன்கூட்டி ஒப்புதல் பெற்ற செய்தி வடிவங்களை மட்டுமே அனுப்ப முடியும். மொழி மாதிரிக்கும் கட்டணம் உண்டு. பல மாதிரிகளில் அதே விஷயத்தைத் தமிழில் கேட்க ஆங்கிலத்தைவிட அதிகம் செலவாகும், ஏனென்றால் அவை தமிழ்ச் சொற்களை அதிகத் துண்டுகளாக உடைத்து எண்ணுகின்றன. இதை முன்பே கணக்கில் வையுங்கள்.

பயிற்சி மையம்

கட்டணம் கட்டிப் படிப்பது தவறில்லை. கேள்வி, அவர்கள் கேட்கும் நிபந்தனைகளைப் பற்றியது. அசல் சான்றிதழ்களை எந்த நிலையிலும் கொடுக்காதீர்கள், நகலும் ஒருமுறை நேரில் சரிபார்ப்பும் போதும். கல்விச் சான்றிதழ் அடமானப் பொருள் அல்ல, கட்டண பாக்கிக்காக அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்த உரிமையை நிலைநாட்ட நீங்கள் அலைய வேண்டியிருக்கும், கொடுக்காமலே இருந்துவிடுவது எளிது. வெற்றுக் காசோலை இதைவிட ஆபத்து. அதில் எந்தத் தொகையும் நிரப்பலாம். கணக்கில் பணம் இல்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவின்படி குற்ற வழக்காக உங்கள் மேல் வரலாம்.

“நூறு சதவீதம் வேலை உறுதி” என்பதை எழுத்தில் கேளுங்கள். எந்த வேலை, குறைந்தது என்ன சம்பளம், கிடைக்காவிட்டால் எவ்வளவு பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் அந்த வாக்குறுதிக்கு மதிப்பில்லை. பயிற்சி மையங்கள் வேலை உறுதி போன்ற பொய் வாக்குறுதிகளால் விளம்பரம் செய்வதைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. ஏற்கெனவே ஏதாவது முன்பணம் கட்டியிருந்தால் ரசீதையும் விளம்பரத்தையும் பத்திரப்படுத்துங்கள், திருப்பித்தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

மாற்று வழி இல்லாமலில்லை. ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம், சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் தேர்வுக் கட்டணம். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் உங்களுக்குப் பொருந்தும் பயிற்சி இருக்கிறதா என்று பாருங்கள். பட்டம் இருந்தால்தான் நிம்மதி என்று நினைத்தால், பிளஸ் டூவிலோ கல்லூரியிலோ கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.சி.ஏ.வில் சேர வழி உண்டு. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒரு நாள் நேரில் போய் என்னென்ன படிப்புகள் உள்ளன என்று விசாரித்து வாருங்கள். ஆறு மாதம் வீட்டிலிருந்தபடி இவற்றில் ஒன்றைப் படித்து, பட்டறைக்கான சாட்பாட்டையும் முடித்துவிட்டு, அதற்குப் பிறகும் ஏதோ ஒன்று கற்க முடியவில்லை என்று பட்டால், அந்த ஒன்றுக்காக மட்டும் பணம் கட்டுங்கள்.

நாட்டு மருந்துக் கடை

இதில் நான் உறுதியாக வேண்டாம் என்கிறேன். “இது மருத்துவ ஆலோசனை அல்ல” என்று கீழே ஒரு வரி போட்டால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். போதாது. மேலே மருந்தின் பெயரும் அளவும் சொல்லிவிட்டுக் கீழே அப்படிப் போடுவதால், அதைப் படித்துக் குழந்தைக்குக் கஷாயம் கொடுக்கும் தாய்க்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

மைசினை நினைத்துப் பாருங்கள். சோதனையில் அதன் பரிந்துரைகள் துறை நிபுணர்களுடையதற்குக் குறையாமல் இருந்தன. அப்படியிருந்தும் அது மருத்துவமனையின் அன்றாடச் சிகிச்சைக்கு வரவே இல்லை. தவறு நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் அதற்கொரு காரணமாகச் சொல்லப்படுகிறது. நிபுணர்கள் பல ஆண்டு உழைத்துக் கட்டியதற்கே அந்த நிலை. மருந்துக் கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் பதிவு பெற்ற சித்த மருத்துவர் என்று நீங்கள் எழுதவில்லை. சர்க்கரை நோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதையே 1954-ம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. சாட்பாட் வாடிக்கையாளருக்கு எழுதுவதும் விளம்பரமாகக் கொள்ளப்படலாம். தவிர, நோய் விவரம் மிகவும் அந்தரங்கமானது. அதை வாங்கிச் சேமிப்பவருக்கு 2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதல் பெறுவது, பாதுகாப்பது என்று கடமைகளை வகுத்திருக்கிறது.

“சாட்பாட்தானே சொன்னது, நானில்லையே” என்ற வாதமும் எடுபடாது. 2024-ல் கனடாவில் ஏர் கனடாவின் சாட்பாட், குடும்பத்தில் துக்கம் நேர்ந்தவர்களுக்கான சலுகைக் கட்டணம் பற்றி ஒரு பயணிக்குத் தவறாகச் சொன்னது. சாட்பாட்டின் சொல்லுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று நிறுவனம் வாதாடிப் பார்த்தது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை, பயணிக்கு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அங்கே போனது பணம். இங்கே போவது உயிராக இருக்கலாம்.

அவரிடம் மறுத்துவிட்டு வருவது சங்கடம் என்று நினைத்தால் வேறொன்றைச் செய்து தருவதாகச் சொல்லுங்கள். கடையில் என்ன சரக்கு இருக்கிறது, என்ன விலை, எத்தனை மணிக்குத் திறப்பார்கள், கூரியரில் அனுப்புவார்களா என்பதை மட்டும் சொல்லும் சாட்பாட். யாராவது நோயைப் பற்றி எழுதினால் அது மருந்து சொல்லாமல், மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், விஷம் என்ற சொற்கள் வந்தால் 108 எண்ணைக் கொடுத்துவிட்டுப் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அதற்கு 40,000 தர மாட்டார், குறைவாகவே தருவார். வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்த வேலையை எடுத்தாலும் ஒரு பக்கத்திலாவது ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். நிரல் யாருக்குச் சொந்தம் என்பதை அதில் தெளிவாகக் குறியுங்கள். நீங்கள் ஊழியராக இல்லாமல் தனியாகச் செய்து கொடுக்கும்போது, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் நிரலின் பதிப்புரிமை பொதுவாக எழுதிய உங்களுக்குத்தான். கடைக்காரரின் தகவல்கள் அவருக்கு, நிரல் உங்களுக்கு, பயன்படுத்தும் உரிமை அவருக்கு என்று எழுதினால் நாளைக்கு அதே அடித்தளத்தில் இன்னொருவருக்கும் செய்து தரலாம். கட்டுமானத்துக்கு ஒரு தொகை, மாதப் பராமரிப்புக்கு ஒரு தொகை என்று பிரித்துக் கேளுங்கள். விலை மாறும்போதும் சரக்கு மாறும்போதும் விதிகளைத் திருத்த வேண்டியது நீங்கள்தான்.

வேலை இருக்காது என்ற அத்தானின் கவலையைப் பற்றி: வெறும் சாட்பாட்டை இணைத்துத் தரும் வேலைக்கு மதிப்புக் குறைந்துகொண்டே வரும், அது நிஜம். ஆனால் காரைக்குடி பலகாரக் கடைக்காரரும், கானாடுகாத்தானில் பழைய வீட்டைத் தங்குமிடமாக நடத்துபவரும், கண்டாங்கிச் சேலை விற்பவரும் தாங்களே உட்கார்ந்து தங்கள் அனுபவத்தை விதியாக எழுதப் போவதில்லை. மணகோலம் என்ற பலகாரம் எத்தனை நாள் கெடாமல் இருக்கும், மழைக்காலத்தில் எப்படிக் கட்டி அனுப்புவது என்று ஆச்சியிடம் பொறுமையாகக் கேட்டு வாங்கி, சோதித்து, தவறினால் பொறுப்பேற்க ஒரு ஆள் வேண்டும். அப்பாவிடம் கேட்டுப் பழகிய கேள்விகள் அவர்களிடமும் உதவும்.

இந்த வாரம் அந்த நூறு கேள்விகளைச் சேர்க்கத் தொடங்குங்கள். முப்பதுக்கும் அப்பா பதில் சொல்லி முடித்ததும், சாட்பாட் எங்கெங்கே தவறியது என்ற பட்டியலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். விதி விதியாக உட்கார்ந்து பார்ப்போம்.